நான்காம் எண் வீட்டு விளக்கு

பர்மிங்ஹாமில் கால்வாய் முழங்கை மடிக்கும் இடத்தில்
நீலச் செங்கல்லால் எழுப்பிய பராமரிப்பு முற்றம்.
மூன்று நாளாய் அளந்துகொண்டிருக்கிறேன்.
மழை அளவுநாடாவில் வழிந்து
சட்டைக் கைக்குள் இறங்குகிறது.

மதகுக் கதவுகளுக்கு ஓக் மரம் அறுத்த கொட்டகை.
களிமண் குழி.
குதிரை லாயம், உள்ளே இப்போது மிதிவண்டிகள்.
மேலாளர் வீட்டு ஜன்னல் மட்டும்
வயிறு தள்ளி வெளியே நிற்கிறது,
ஆறு மணிக்குப் பிந்தி யார் வருகிறார் என்று
இருபக்கமும் பார்க்க.

எதிரே தோளோடு தோள் ஒட்டி
தொழிலாளர் வீடுகள் நான்கு.
கால்வாய்ப் பக்கம் அவற்றுக்கு ஜன்னலே கிடையாது.
நிலக்கரிப் படகுகள் அந்தச் சுவரை உரசித்தான் போகும்;
கை நீட்டினால் அடுப்பு எரியும்.
கட்டியவருக்கு மனிதரைத் தெரிந்திருக்கிறது.

கூலிப் பேரேடு காப்பகத்தில் கிடைத்தது.
வாரம் இருபத்திரண்டு ஷில்லிங்,
அதில் வாடகைக்குப் பிடித்தம் மூன்று.
வேலை போனால் வீடு போகும், பதினான்கு நாள் அவகாசம்.
கையால் எழுதியதல்ல அந்த வரி,
எல்லாப் பக்கத்திலும் அடியில் அச்சடித்தது.

1895, பிப்ரவரி.
பனிக்கட்டி உடைக்கும் படகைப்
பன்னிரண்டு குதிரைகள் இழுக்கும்.
நடுவிலுள்ள இரும்புக் கம்பியைப் பிடித்தபடி
எட்டுப் பேர் இடமும் வலமும் சாய்ந்து
அதைத் தொட்டிலாய் ஆட்ட வேண்டும்.
இப்படி ஆட்டினால் எந்தப் பிள்ளையும் பிழைக்காது.
ஆம்புரோஸ் பார்ஜிட்டர், நான்காம் எண் வீடு,
கம்பியை விட்டான்;
அல்லது கம்பி அவனை விட்டது.
அன்றைய தேதியில் அவன் பெயருக்கு நேரே
அரை நாள் கூலி.
அரை நாள்தான் வேலை செய்திருந்தான்.

பதினான்காம் நாளுக்குப் பக்கத்தைப் புரட்டினேன்,
'வீடு காலி' என்றிருக்கும் என்று.
மேலாளர் சைலஸ் விண்டிலின் ஒடுங்கிய எழுத்தில்
புதிதாய் ஒரு வரி:
'சுவர் விளக்கு, நீர்ப் பக்கம்.
பொறுப்பு: கெசையா பார்ஜிட்டர்.
வாரம் மூன்று ஷில்லிங்.'

பிடித்தம் போக, கைக்கு ஒன்றுமில்லை.
வீடு மட்டும்.

1902. தணிக்கையாளர் ஓரத்தில் கேட்கிறார்:
விளக்கை எரிவாயுவுக்கு மாற்றலாமே?
விண்டில்: எண்ணெய் போதும்.
1909. எண்ணெய்ச் செலவு எங்கும் காணோமே?
விண்டில்: பொறுப்பாளர் சிக்கனம்.

இதே விண்டில்தான்
ஆறு நிமிடம் பிந்திய லாயத்துச் சிறுவனுக்கு
இரண்டு பென்ஸ் அபராதம் போட்டவர்.
சங்கத்தில் சேர்ந்த தச்சன் ஒருவனை,
மனைவி நிறைமாதம்,
அதே பதினான்கு நாளில் வெளியேற்றியவர்.
அந்தப் பக்கங்களையும் படித்துத் தொலைத்தேன்.

1916. வானில் ஜெர்மன் வான்கப்பல்கள், ஊருக்கு இருட்டடிப்பு.
கெசையாவே கையெழுத்திடுகிறாள்:
'விளக்கு அணைக்கப்பட்டது.'
போர் முடிந்த வாரம்:
'ஏற்றப்பட்டது.'

அடுத்து வந்த மேலாளர் காலத்தில்
வாடகை ஆறு பென்ஸ் ஏறியது.
விளக்குக் கூலியும் ஆறு பென்ஸ் ஏறியது.
அப்படியானால் அவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
முதல் மூன்று வீட்டுக்காரர்களுக்கும் தெரிந்திருக்கும்.
அந்த வளைவை இரவில் கடந்த படகோட்டி ஒருவன்கூட
இருட்டாயிருக்கிறது என்று
முப்பத்தொரு வருஷம் புகார் எழுதவில்லை.

இன்று காலை ஏணி சாய்த்து
அந்தச் சுவரைச் செங்கல் செங்கல்லாய்த் தடவினேன்.
கொக்கி இருந்த தடம் இல்லை.
ஆணித் துளை இல்லை.
புகைக் கறை,
எண்ணெய் வழிந்த கோடு,
ஒன்றுமில்லை.
ஒரு நத்தை இருந்தது. அதைத் தொந்தரவு செய்யவில்லை.

வீடுகளை வாங்கியிருக்கும் நிறுவனத்துக்காரர்
பேரேட்டின் நகலோடு வந்திருக்கிறார்.
பழைய விளக்கைப் போலவே ஒன்று செய்து மாட்டப் போகிறார்களாம்,
வார்ப்பிரும்பில், பின்னால் மின்கம்பி மறைத்து.
விற்பனைப் படத்தில் அழகாய் விழுமாம்.
எந்த இடத்தில் இருந்தது என்று மட்டும்
நான் சுண்ணக்கட்டியால் குறித்துத் தர வேண்டும்.

சுண்ணக்கட்டி நனைந்துவிட்டது என்றேன்.
நாளைக்கு வருகிறேன் என்றார்.
நாளையும் மழை என்றேன்.